பொட்டிபுரம் நியூட்ரினோ ஆய்வகம்: கேள்வி பதில்

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து, எதையும் எளிதில் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயத் திட்டமிட்ட ஆய்வகம் பற்றிய கேள்விகள் இவை. நான் இயற்பியல்காரன். துகள்களைப் பிடிக்கும் கருவி வேலையில் இருந்தவன். சட்ட நுணுக்கம் கேட்காதீர்கள்.

2015-லேயே மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததே, இன்னும் ஏன் இழுக்கிறது?

அமைச்சரவை தந்தது சுமார் 1,500 கோடி ரூபாய்க்கான ஒப்புதல். மலையைக் குடையும் அனுமதி தனிக்கதை. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கி.மீ.க்குள் இருப்பதால் 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-ல் மறுபடி அனுமதி கிடைத்தது. ஆனால் தேசிய வனவிலங்கு வாரியம் சம்மதிக்க வேண்டும் என்றது தீர்ப்பாயம். 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் 'வேண்டாம்' என்றே சொல்லிவிட்டது.

கதிர்வீச்சு பரவுமா?

பரவாது. நியூட்ரினோ வேறு, அணுக்கருவில் இருக்கும் நியூட்ரான் வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பிறகு எதற்கு மலை?

நல்ல கேள்வி. உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். நொடிக்கு ஒரு மியூவான், அதாவது வானிலிருந்து பொழியும் ஒரு துகள், அதைத் துளைத்துப் போகிறது. இந்தச் சந்தை இரைச்சலில் நியூட்ரினோவின் முணுமுணுப்பு கேட்காது. தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் பாறை இருந்தால் மியூவான்கள் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறையும். நியூட்ரினோவுக்கு மலை ஒரு பொருட்டே இல்லை. உள்ளே 50,000 டன் காந்த இரும்பு, 5.6 செ.மீ. தகடுகளாக அடுக்கி, இடையிடையே துகளின் தடத்தைப் பதியும் கண்ணாடிக் கருவிகள். கோலார் தங்கச் சுரங்கத்தில் 1965-லேயே நம் ஆட்கள் இப்படிப் பாறைக்கு அடியில் போய்த்தான் நியூட்ரினோவைப் பிடித்தார்கள்.

அணுக்கழிவைக் கொட்டவா?

இல்லை. கதிர்வீச்சுக் கேள்விக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

வாசல் ஒன்றுதானே, மேலே காடு அப்படியே இருக்குமே. புலி என்பதெல்லாம் சாக்கு!

இல்லை, இதில் எனக்கு உடன்பாடில்லை. சுமார் 2 கி.மீ. சுரங்கம். வெடி வைக்க வேண்டும், லாரி ஓட வேண்டும், வெட்டிய கல்லை எங்காவது குவிக்க வேண்டும். அந்தப் பக்கம் பெரியாறு வரை புலி நடமாடும் வழி. இதே ஆய்வகத்துக்கு முன்பு பார்த்த இடமான நீலகிரியின் சிங்காராவும் முதுமலைக்கு அருகில் என்றுதான் கைவிடப்பட்டது. அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும்.

அப்படியானால் நீங்களும் எதிர்ப்பாளரா?

ஆய்வகம் வேண்டும் என்பவன் நான். கதிர்வீச்சுப் பயம் பொய், காட்டுக் கவலை உண்மை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'அறியாமை' என்று எங்கள் ஆட்கள் தள்ளியதுதான் கோபம்.

கதிர்வீச்சால் தேனி விவசாயம்...

ஐயா, ரினோ! ரான் இல்லை!

சீனா முந்திவிட்டதா?

ஜியாங்மெனில் 20,000 டன் திரவக் கருவி 2025-ல் தரவு எடுக்கத் தொடங்கிவிட்டது. நியூட்ரினோ நிறை வரிசை, அதாவது நியூட்ரினோ வகைகளில் எது கனம், எது லேசு என்ற அதே புதிருக்குத்தான். ஆனால் காந்தம் இருப்பதால் நியூட்ரினோவையும் எதிர் நியூட்ரினோவையும் பிரித்தறிவது நம் வடிவமைப்புக்குக் கைவந்த வேலை.

மகள் பி.எஸ்சி. இயற்பியல். எங்கே பார்க்கலாம்?

மதுரையில் இந்தக் கருவியின் 85 டன் சிறு மாதிரி வைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள்.