33 பேர் பட்டியலில் இல்லாத பெயர்

2023 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்துக்கான எட்டு மாற்று ஆட்டக்காரர்களில் ஏழு பேரை ஃபார்வர்டுகளாகவே (முன்னால் நின்று தள்ளிப் பந்துக்காகப் போராடுபவர்கள்) வைத்துக்கொண்ட தென்னாப்பிரிக்க ரக்பி அணியின் துணிச்சலைப் பாராட்டிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதை ஏற்றும் மறுத்தும் வந்த கடிதங்களில், தேசிய அணித் தேர்வைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: நாட்டின் தலைசிறந்த 15 பேரைக் களமிறக்கி, அவர்களுக்கு அடுத்த எட்டுப் பேரை வெளியே உட்கார வைப்பதுதானே தேர்வு? இதில் இத்தனை சச்சரவு எதற்கு?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் ‘அடுத்த எட்டுப் பேர்’ என்பதிலேயே சச்சரவு தொடங்கிவிடுகிறது. இரு அணி ஃபார்வர்டுகளும் தோள் கோத்துத் தள்ளிக்கொள்ளும் ஸ்க்ரம்மின் முன்வரிசையில் நிற்கும் இரண்டு பிராப்களும் நடுவில் நிற்கும் ஹூக்கரும் எதிரணியின் மொத்தத் தள்ளலையும் கழுத்திலும் தோளிலும் வாங்குபவர்கள். பழக்கமில்லாத ஒருவரை அங்கே நிறுத்தினால் கழுத்தில் பலத்த காயம் ஏற்படலாம் என்பதால், 23 பேர் கொண்ட அணியில் அந்த மூன்று இடங்களுக்கும் பயிற்சி பெற்ற மாற்று ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று ஆட்ட விதியே சொல்கிறது. இடப்பக்கத்து பிராப் செய்யும் வேலை வேறு, வலப்பக்கத்து பிராப் செய்யும் வேலை வேறு. ஒருவரே இரண்டையும் சர்வதேசத் தரத்தில் செய்வது அரிது. ஆக எட்டில் மூன்று இடங்கள், பயிற்சியாளர் பேனாவைத் திறப்பதற்கு முன்பே நிரம்பிவிடுகின்றன.

மிச்சமுள்ள ஐந்தில் இரண்டை ஃபார்வர்டுகளுக்கும் மூன்றை, பின்னால் நின்று பந்தோடு ஓடும் பேக்குகளுக்கும் கொடுப்பது பழைய வழக்கம். அந்த மூன்றில் ஒன்று ஸ்க்ரம்மிலிருந்து பந்தை எடுத்துக்கொடுக்கும் ஸ்க்ரம் ஹாஃபுக்கு, ஒன்று பெரும்பாலும் ஆட்டத்தை வழிநடத்தும் ஃப்ளை ஹாஃபுக்கு என்று போய்விட்டால், சென்டர், விங், ஃபுல் பேக் ஆகிய எல்லா இடங்களுக்கும் சேர்த்து எஞ்சுவது ஒரே ஓர் ஆள். அந்த ஓர் ஆளாக, நாட்டிலேயே மிக வேகமாக ஓடும் விங் ஆட்டக்காரரை விட்டுவிட்டு, மூன்று இடங்களிலும் சுமாராக ஆடத் தெரிந்த ஒருவரைப் பயிற்சியாளர் எடுக்கும்போது ரசிகர்கள் கொதிக்கிறார்கள். ‘யார் சிறந்தவர்’ என்பது ரசிகரின் கேள்வி. ‘பத்தாவது நிமிடத்தில் இவர் நொண்டிக்கொண்டு வெளியே வந்தால் அந்த இடத்தில் யார் நிற்பார்’ என்பது பயிற்சியாளரின் கேள்வி. ரசிகர் முதல் கேள்விக்கான விடையைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டாவது கேள்விக்கு எழுதப்பட்ட பட்டியலைத் திருத்தப் பார்க்கிறார். நானும் பல ஆண்டுகள் அப்படித் திருத்தியவன்தான்.

கேள்வி: அதே உலகக்கோப்பையில் காயமடைந்த ஹூக்கருக்குப் பதிலாக ஒரு ஃப்ளை ஹாஃபை வரவழைத்தது முறையற்ற தேர்வு என்பதும், கோப்பை கைக்கு வந்ததால்தான் அதை நாம் புத்திசாலித்தனம் என்கிறோம் என்பதும் என் வாதம். மறுக்க முடியுமா?

பதில்: பாதியை ஒப்புக்கொள்கிறேன். நடந்ததை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கெண்டைக்கால் காயத்திலிருந்து முழுமையாக மீளாத ஃப்ளை ஹாஃப் ஹாண்ட்ரே பொல்லார்டின் பெயர், தென்னாப்பிரிக்காவின் 33 பேர் கொண்ட முதல் பட்டியலில் இல்லை. ஃப்ளை ஹாஃப் பொறுப்பு மானி லிபோக்கிடம் போனது. பந்தை ஓட விடுவதில் கைதேர்ந்தவரான அவருக்குக் கோல் உதைப்பில் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பதில்) மட்டும் தடுமாற்றம் இருந்தது. போட்டி தொடங்கிய சில நாட்களில் ஹூக்கர் மால்கம் மார்க்ஸ் முழங்கால் காயத்தால் விலக, அவருடைய இடத்துக்கு இன்னொரு ஹூக்கரை அழைக்காமல் பொல்லார்டை அழைத்தார்கள். அவர் ஆடாத அயர்லாந்து ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா கோல் உதைகளைத் தவறவிட்டு 13-8 என்று தோற்றதும், உதைக்க ஆள் வேண்டும் என்ற கவலை நியாயமானதே என்று பலரும் சொல்லத் தொடங்கினர்.

அரையிறுதியில் 15-6 என்று இங்கிலாந்து முன்னிலை வகித்தபோது, லிபோக்குக்குப் பதிலாக இடைவேளைக்கு முன்பே உள்ளே வந்திருந்த பொல்லார்டு, கடைசி நிமிடங்களில் நடுக்கோட்டை ஒட்டிய தொலைவிலிருந்து பெனால்டியை உதைத்து 16-15 என்று முடித்துவைத்தார். நியூசிலாந்துக்கு எதிரான இறுதி ஆட்டத்தை 12-11 என்று வென்றபோது அந்த 12 புள்ளிகளும் அவருடைய நான்கு பெனால்டிகளால் வந்தவை.

தேர்வைப் போற்றுகிறவர்கள் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதே இறுதி ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே, அணியில் முழுநேர ஹூக்கராக எஞ்சியிருந்த போங்கி ம்போனம்பி காயத்தோடு வெளியேறினார். முன்பு ஹூக்கராக இருந்து, பிறகு பெரும்பாலும் ஃப்ளாங்கராக (ஸ்க்ரம்மின் ஓரத்தில் நிற்கும் ஃபார்வர்டாக) ஆடிவந்த, 37 வயதான டியான் ஃபூரி மீதி ஆட்டம் முழுவதும் அந்த இடத்தைத் தாங்க வேண்டியதாயிற்று. பக்கக்கோட்டைத் தாண்டிப் போன பந்தை மீண்டும் உள்ளே எறியும் லைன் அவுட்டில், பந்தை எறிவது ஹூக்கரின் வேலை. அன்று தென்னாப்பிரிக்காவின் லைன் அவுட் பலமுறை குலைந்தது. போதாததற்கு, வெளியே இருந்த ஒரே பேக் ஃபுல் பேக்கான வில்லி லெ ரூ. களத்திலிருந்த ஸ்க்ரம் ஹாஃப் ஃபாஃப் டி கிளர்க்குக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்த இடத்துக்குப் பழகிய ஆளே இல்லை. பொல்லார்டை அழைத்ததால் கிடைத்த லாபமும், அதற்காகக் கொடுத்த விலையும் ஒரே ஆட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன; வித்தியாசம் ஒரு புள்ளி. அந்தத் தேர்வுக் குழுவில் நான் இருந்திருந்தால் ஹூக்கர்தான் வேண்டும் என்று வாதாடியிருப்பேன். தோற்றிருந்தால் அவர்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள் என்றும் தோன்றவில்லை. முடிவை மட்டும் வைத்துத் தேர்வை எடைபோடக் கூடாது என்ற உங்கள் கட்சியில் நானும் இருக்கிறேன். ஆனால் ‘முறையற்றது’ என்ற சொல்லை ஏற்க மாட்டேன். எந்த ஓட்டையை அடைப்பது, எதைத் திறந்து விடுவது என்று தெரிந்தே எடுத்த முடிவு அது.

கேள்வி: பெயர் பெற்ற ஒருவரை அவசரமாகக் கொண்டுவந்து அணியில் சேர்ப்பது சரியா?

பதில்: அணிக்கு 13 பேர் ஆடும் ரக்பி லீகில் பெரும் புகழ் பெற்றிருந்த சாம் பர்ஜெஸை, அவர் 15 பேர் ஆடும் ரக்பி யூனியனுக்கு வந்து ஓராண்டுகூட முடியாத நிலையில், 2015 உலகக்கோப்பைக்கான 31 பேர் பட்டியலில் இங்கிலாந்து சேர்த்தது. கிளப்பில் பெரும்பாலும் ஃப்ளாங்கராக ஆடியவரை நாட்டுக்கு சென்டராக ஆட வைத்தார்கள். அந்த ஆண்டு ஆறு ஐரோப்பிய நாடுகள் மோதிய சிக்ஸ் நேஷன்ஸ் போட்டியில் சென்டராக ஆடிய லூதர் பரல் வீட்டில் இருந்தார். வேல்ஸிடம் 28-25, ஆஸ்திரேலியாவிடம் 33-13 என்று தோற்று, போட்டியை நடத்திய நாடு குழுச் சுற்றிலேயே வெளியேறியது. பழி முழுவதும் பர்ஜெஸ் தலையில் விழுந்தது. ஆனால் வேல்ஸ் ஆட்டத்தில் அவரை வெளியே எடுத்தபோது இங்கிலாந்து முன்னிலையில்தான் இருந்தது என்பதைப் பலர் சொல்வதில்லை. கிளப் ஓர் இடத்திலும் நாடு வேறோர் இடத்திலும் அவரைப் பழக்கியதுதான் என் பார்வையில் பெரிய பிழை. புதியவர் என்பதோ புகழ் பெற்றவர் என்பதோ அதற்குப் பிறகுதான்.

கேள்வி: வெளிநாட்டு கிளப்புகளில் ஆடுபவர்களைத் தேசிய அணிக்கு எடுக்கக் கூடாது என்பது நியாயமா?

பதில்: இதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. ஒருவர் எந்த நாட்டுக்கு ஆடத் தகுதியுள்ளவர் என்பதை உலக ரக்பி அமைப்பு வகுக்கிறது: பிறப்பு, பெற்றோர் அல்லது தாத்தா பாட்டியின் பிறப்பிடம், இல்லையேல் அந்த நாட்டுச் சங்கத்தில் தொடர்ந்து ஐந்தாண்டுப் பதிவு. 2022 முதல், பிறப்பாலோ குடும்பத்தாலோ உறவுள்ள இன்னொரு நாட்டுக்கு மூன்றாண்டு இடைவெளிக்குப் பிறகு ஒருமுறை மாறவும் முடியும். 2015-ல் நியூசிலாந்தின் உலகக்கோப்பை அணியில் இருந்த மலகாய் ஃபெகிட்டோவா 2023-ல் தாம் பிறந்த டோங்காவுக்கு ஆடியது அப்படித்தான்.

வெளிநாட்டில் ஆடுபவரை எடுப்பதும் விடுவதும் அந்தந்த நாட்டுச் சங்கத்தின் கொள்கை. நியூசிலாந்து தன் நாட்டில் ஒப்பந்தத்தில் இருப்பவர்களையே எடுக்கிறது. வெளிநாட்டில் ஆடுபவர் முன்பே 60 டெஸ்ட் (சர்வதேச ஆட்டம்) ஆடியிருக்க வேண்டும் என்று வேல்ஸ் வைத்திருந்த வரம்பை 2023-ல் 25 ஆகக் குறைத்தது. ஆஸ்திரேலியா 2015-ல் 60 டெஸ்டும் ஏழாண்டு உள்நாட்டு ஒப்பந்தமும் உள்ளவர்களுக்கு விலக்கு அளித்தது. பிரான்சில் ஆடிக்கொண்டிருந்த மாட் ஜிட்டோவின் பெயரால் அந்த விதி வழங்குகிறது, அந்த ஆண்டு அவர்கள் இறுதி ஆட்டம் வரை போனார்கள். பொல்லார்டும் 2023 உலகக்கோப்பையின்போது இங்கிலாந்தின் லெஸ்டர் கிளப் ஆட்டக்காரரே. கதவை முழுவதும் திறந்தால் உள்நாட்டுப் போட்டிகள் வெறிச்சோடும் என்ற அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். இருந்தாலும் வரம்பு எத்தனை டெஸ்ட் என்பதைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டே இருப்பதைப் பார்க்கும்போது, கொள்கை என்ற சொல் கொஞ்சம் பெரிதாகத்தான் படுகிறது.

கேள்வி: முக்கியமான ஆட்டத்தில் ஒருமுறை சொதப்பியவரை மீண்டும் எடுக்கலாமா?

பதில்: 2010-ல் ஹாங்காங்கில் ஆஸ்திரேலியாவிடம் நியூசிலாந்து 26-24 என்று கடைசி நொடியில் தோற்றபோது, பந்தை எல்லைக்கு வெளியே உதைக்கத் தவறிய ஸ்டீபன் டொனால்டை நாடே திட்டியது. அடுத்த ஆண்டு உலகக்கோப்பைப் பட்டியலில் அவர் இல்லை. முதல் ஃப்ளை ஹாஃபான டான் கார்ட்டருக்குக் காயம், பிறகு அவருக்குப் பதிலான காலின் ஸ்லேடுக்குக் காயம். ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்த டொனால்டுக்கு அழைப்பு போனது. இறுதி ஆட்டத்தின் முதல் பாதியில் ஏரன் க்ரூடனும் காயமடைய, நான்காவது தேர்வான அவர் உள்ளே வந்து உதைத்த பெனால்டியால்தான் பிரான்சை 8-7 என்று வென்றார்கள். அன்று அவர் அணிந்திருந்த சட்டை உடம்புக்குப் போதாமல் வயிற்றுக்கு மேலே ஏறிக்கொண்டே இருந்தது.