ஸ்கேன் நார்மல் என்றால் இந்தப் பரிசோதனை எதற்கு?

கேள்வி: ஐந்து மாதம் முன்பு நடந்த விபத்தில் என் தம்பிக்குத் தலையில் அடி. சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் அவன் பழைய ஆளாக இல்லை. எந்த வேலையையும் பாதியில் விட்டுவிடுகிறான், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறான். டாக்டர், மூளை எப்படி வேலை செய்கிறது என்று சோதிக்கும் நியூரோசைக்காலஜி பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். கட்டை அடுக்குவது, படம் வரைவது என்று நான்கு மணி நேரம் ஆகுமாம். 'அதெல்லாம் நூறு வருஷத்துப் பழைய முறை' என்கிறார் ஒரு நண்பர். அவசியம் போகத்தான் வேண்டுமா?

பதில்: போங்கள். நண்பர் சொன்ன வயது சரிதான். முதல் உலகப் போரில் தலையில் குண்டடி பட்டு உயிர் பிழைத்த வீரர்கள் ஜெர்மனியில் ஏராளம். ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த படங்களைப் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று பாப்பல்ராய்ட்டர் என்ற மருத்துவர் 1917 வாக்கில் அவர்களைச் சோதித்தார். ஃபிராங்ஃபர்ட்டில் நரம்பியல் மருத்துவர் கோல்ட்ஸ்டைன் சிகிச்சையோடு பட்டறையும் வைத்து, இவர் இனி எந்த வேலைக்குப் போகலாம் என்று பார்த்தார். நீங்கள் இன்று கேட்பதும் அதைத்தானே?

நடுவில் பாதை கொஞ்சம் மாறியது. 1935-இல் சிகாகோவில் உளவியலாளர் ஹால்ஸ்டெட் மூளை பாதிப்பை ஆராயும் ஆய்வகம் தொடங்கினார். அவருடைய மாணவர் ரைட்டன் சோதனைகளை ஒரு தொகுப்பாக வளர்த்தெடுத்தார். மண்டையைத் திறக்காமல், மதிப்பெண்களை வைத்தே பாதிப்பு எந்தப் பக்கம் என்று சொல்வது அப்போது பெரிய வித்தை. 1971-இல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. எடுத்ததும் அந்த வித்தைக்கு மவுசு போய்விட்டது. 'எங்கே' என்பதை இயந்திரம் எடுத்துக்கொண்டது. 'இவரால் என்ன முடியும், என்ன முடியாது' என்ற பழைய கேள்வி மறுபடி உளவியலாளர்களான எங்கள் மேசைக்கே வந்தது.

ரத்தக் கசிவும் எலும்பு முறிவும் சி.டி.யில் பளிச்சென்று தெரியும். தலை வேகமாகக் குலுங்கும்போது நரம்பிழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதம் பல நேரம் அதில் சிக்காது.

கட்டை அடுக்குவதைக் குழந்தை விளையாட்டு என்று நினைக்காதீர்கள். சிவப்பு வெள்ளைக் கட்டைகளைப் படத்தில் உள்ளபடி சதுரமாகச் சேர்க்க வேண்டும். ஒருவர் சதுரத்தைக் காப்பாற்றி உள்ளே கோலத்தைக் குழப்புவார். இன்னொருவருக்குச் சதுரமே உடைந்து, கட்டைகள் வரிசையாக நீளும். வலது மூளை பாதிக்கப்பட்டவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். இருவருக்கும் ஒரே மதிப்பெண் வரலாம். அதனால்தான் நான் ஸ்டாப்வாட்ச்சை விடக் கையைத்தான் அதிகம் கவனிப்பேன்.

சீட்டுப் பிரிக்கும் சோதனை இன்னும் விசித்திரம். சீட்டில் உள்ள உருவங்களின் நிறப்படி பிரிக்கும் வரை 'சரி' என்போம். பிறகு சொல்லாமல் விதியை வடிவத்துக்கு மாற்றிவிடுவோம். 'தப்பு' என்று எத்தனை முறை சொன்னாலும், மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்ட சிலர் நிறப்படியே வைத்துக்கொண்டிருப்பார்கள். சிலர் 'இது தப்பு' என்று வாயால் சொல்லிக்கொண்டே கையால் அதையே செய்வார்கள். நரம்பு உளவியலாளர் பிரெண்டா மில்னர் 1963-இல் இதை எழுதினார். வீட்டில் இதற்குப் 'பிடிவாதம்' என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

முந்தின இரவு தம்பி நன்றாகத் தூங்கட்டும். கண்ணாடி போடுபவர் என்றால் மறக்காமல் கொண்டுவாருங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் வேண்டும். டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம். படிப்பு, பார்த்த வேலை, எந்த மொழியில் சரளம் என்பதைச் சொல்லுங்கள். அதே வயதும் படிப்பும் உள்ளவர்களோடுதான் ஒப்பிட வேண்டும். இணையத்தில் தேடி ஒத்திகை மட்டும் வேண்டாம், சோதனையே வீணாகிவிடும்.

நீங்களும் கூடப் போங்கள். அமைதியான அறையில், ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தால் நன்றாகச் செய்துவிட்டு, வீட்டில் தடுமாறுபவர்கள் உண்டு. பாதியில் நின்ற வேலைகள், கோபம் வந்த சந்தர்ப்பங்கள் நாலைந்தைத் தேதியோடு எழுதி, உளவியலாளரிடம் தனியாகக் கொடுங்கள்.

அறிக்கை வந்ததும், வேலைக்குத் திரும்பலாமா, வண்டி ஓட்டலாமா, எதில் கூட ஆள் வேண்டும் என்று நேராகவே கேளுங்கள். மறுசோதனை எப்போது என்பதையும் உளவியலாளரே முடிவு செய்யட்டும். ரொம்பச் சீக்கிரம் திரும்பச் செய்தால் பழக்கத்தாலேயே மதிப்பெண் ஏறிவிடும்.