ஊதா நிறக் காய்க்கு எந்தச் செடி வைக்கலாம்?

கேள்வி: பெருந்துறைக்குப் பக்கத்தில் புது வீடு கட்டிக் குடி வந்திருக்கிறோம். காம்பவுண்டு சுவரை ஒட்டி 40 அடி நீளத்துக்கு இடம் சும்மா கிடக்கிறது. போனில் ஒரு செடியின் படம் பார்த்தேன். ஒரு இலை கூட இல்லை, குச்சி முழுக்கக் கொத்துக் கொத்தாகப் பளபளவென்று ஊதா நிறக் காய். பியூட்டிபெர்ரி என்று பெயர் போட்டிருந்தது, ஆன்லைனில் விதையும் கிடைக்கிறது. அதையே வரிசையாக வைத்துவிடலாமா? வீட்டில் 4 வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். எங்கள் போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. சுவரோரம் கார் நிற்பதால், பழம் தின்ன வரும் குருவிகள் எச்சமிட்டுக் கறையாக்கிவிடும், செடியே வேண்டாம் என்கிறார் வீட்டுக்காரர்.
ஒரு வாசகி

பதில்: அந்தச் செடியை வரிசையாக வைக்க வேண்டாம் அம்மணி. ஆசை விடவில்லை என்றால் ஒரே ஒரு செடியைப் பெரிய தொட்டியில் வைத்துப் பாருங்கள். 40 அடிக்கும் அதை நம்பி இறங்காதீர்கள்.

நீங்கள் பார்த்த படம் பொய்யில்லை. காலிகார்ப்பா என்ற இனத்தைச் சேர்ந்த செடி அது. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் தானாக வளர்வது ஒரு வகை, சீனா, ஜப்பான் பக்கத்தில் சில வகைகள். எல்லாமே ஆள் உயரம் வளரும் புதர்ச்செடிகள்தான். ஒவ்வொரு கணுவிலும் தண்டைச் சுற்றிக் காய் பிடிக்கும். இலை உதிர்ந்து வெறும் குச்சியில் காய் மட்டும் நிற்கிற அந்தக் காட்சி குளிர் நாட்டுக் காட்சி. அங்கே இலை முழுசாகக் கொட்டுகிற அளவுக்குக் குளிர் வருகிறது, நம் மார்கழிப் பனிக்கு அந்த வேலை ஆகாது. அப்புறம் தண்ணீர். அந்த அமெரிக்க வகையின் சொந்த ஊரில் வருடத்துக்கு 1000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, நமக்கு 700-ஐ ஒட்டிப் பெய்தாலே நல்ல வருடம். ஈரம் தங்குகிற, இலைமக்கு நிறைந்த, கொஞ்சம் புளிப்புத் தன்மையுள்ள மண்ணில்தான் அது செழிக்கும். உங்கள் மண்ணை ஒரு கை அள்ளி அதில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பாருங்கள். நுரைத்துக்கொண்டு வந்தால் சுண்ணாம்பு ஓடிய மண் என்று அர்த்தம், நம் பக்கம் பல இடங்களில் அப்படித்தான் இருக்கும். அந்த மண்ணில் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் பியூட்டிபெர்ரி வெளுத்துப் போய் நிற்கும். விதையும் ஆன்லைனில் வாங்காதீர்கள். முளைக்க மாதக்கணக்கில் ஆகும், வந்தது எந்தச் செடி என்று பூத்த பிறகுதான் தெரியும்.

சரி, உங்களுக்கு வேண்டியது அந்தப் பெயரா, ஊதா நிறமா? நிறம்தான் என்றால், அது நம் வேலியிலேயே இருக்கிறது. நான் சொல்வது களா. ஊறுகாய் போடுவோமே, அந்தக் களாக்காய்தான்.

நர்சரிக்காரர்கள் இதை அலங்காரச் செடிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, பழச்செடிகளோடு ஒரு மூலையில் வைத்திருப்பார்கள். எனக்கு அதில் ரொம்ப வருத்தம். வருடம் முழுக்க இலை கொட்டாது, இலை கரும்பச்சையில் மினுமினுவென்று இருக்கும். மாசி, பங்குனியில் மல்லிகை மாதிரி வெள்ளைப் பூ, நல்ல வாசம். அதற்குப் பிறகுதான் வேடிக்கை. காய் முதலில் வெள்ளையாக இருக்கும், வெயில் படுகிற கன்னம் மட்டும் ரோஸ் நிறமாகும், அந்த ரோஸ் மெல்லப் பரவிச் சிவந்து, ஆடி ஆவணி வாக்கில் கருத்த ஊதாவில் வந்து நிற்கும். எல்லாக் காயும் ஒன்றாகப் பழுப்பதில்லை என்பதால், ஒரே கொத்தில் வெள்ளையும் ரோஸும் ஊதாவும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். இதைப் பார்க்கத்தான் களா வைக்க வேண்டும் என்பேன். வறட்சி தாங்கும், சுண்ணாம்பு மண் தாங்கும், ஓரளவு உப்புத் தண்ணீரும் தாங்கும். வேர் பிடித்து நின்றுவிட்டால் கோடையில் எப்போதாவது ஒரு தண்ணீர் போதும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விதையில் வந்த களாக்கன்று எல்லாம் ஒரே நிறத்தில் காய்க்காது. சில செடிகளில் பழம் சிவப்போடு நின்றுவிடும், சிலவற்றில் பச்சை கலந்த வெள்ளையாகவே இருக்கும். தாய்ச்செடியில் கருத்த ஊதாப் பழத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதில் பதியன் போட்ட கன்றை வாங்குவதுதான் நல்லது. பெரிய வெள்ளைப் பூவும் செக்கச்செவேல் பழமுமாக இன்னொரு களா நர்சரிகளில் கிடைக்கும். அது தென்னாப்பிரிக்க வகை, பழம் சிவப்புதான், ஊதாவாகாது.

செடிக்குச் செடி 3 அடி விட்டால் உங்கள் 40 அடிக்கு 13 செடி வரும். சுவரிலிருந்து 2 அடியாவது தள்ளி நடுங்கள். ஆடிக் காத்து அடங்கட்டும், புரட்டாசி கடைசியில் குழி எடுத்து ஐப்பசி மழைக்கு நட்டுவிடுங்கள். குழி ஒன்றரை அடி போதும், மக்கின தொழுவுரத்தைச் செம்மண்ணோடு கலந்து போடுங்கள். காய் பார்க்க இரண்டு மூன்று வருடம் பொறுக்க வேண்டும், அவசரத்துக்கு உரம் கொட்டினால் இலைதான் வரும்.

இனி கிளையைக் கத்தரிக்கிற விஷயம். பழச்செடி வைத்தவர்கள் பெரும்பாலும் கெடுத்துக்கொள்வது இங்கேதான். களா பூப்பது கிளையின் நுனியில். பெட்டி மாதிரி சதுரமாக வேலி வேண்டும் என்று மாதாமாதம் நுனியை வெட்டிக்கொண்டே இருந்தால் பூவையும் சேர்த்துத்தான் வெட்டுகிறீர்கள், அப்புறம் காய் எங்கிருந்து வரும்? காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் காடு காடாகக் கறிவேப்பிலை போட்டிருக்கிறார்கள், அங்கே பழம் காண்பது அரிது, இலைக்காக அறுத்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். கோபி, உடுமலை பக்கத்து மல்பெரிக் காட்டிலும் அதே கதைதான். அதனால் பழம் பறித்து முடிந்த கையோடு வருடத்துக்கு ஒரே ஒரு முறை வெட்டுங்கள். மற்ற நாளில் குறுக்கே நீட்டுகிற கிளையை மட்டும் எடுத்தால் போதும். வேலி கொஞ்சம் கலைந்தாற்போலத்தான் இருக்கும், அப்படி இருந்தால்தான் காய்க்கும்.

கறிவேப்பிலை என்றதும் நினைவுக்கு வருகிறது. கொல்லையில் ஒரு செடி இருந்தால் அதை ஒரு வருடம் நுனி கிள்ளாமல் விட்டுப் பாருங்கள். சின்னதாகப் பச்சைக் காய், அது சிவந்து, பிறகு கருநீல ஊதாவாகும். கொண்டைக்குருவியும் குயிலும் தேடி வரும். சதை இனிக்கும், கொட்டையை மட்டும் கடிக்கக் கூடாது, பாப்பாவுக்கு அதைச் சொல்லி வையுங்கள்.

கேட்டுப் பக்கம், குழந்தை ஓடி விளையாடும் இடத்தில் களா வேண்டாம். முள் நீளமானது, நல்ல கூர். அங்கே காயா வையுங்கள், காசா என்றும் சொல்வார்கள். பெருமாளின் நிறத்துக்கு உவமை சொல்கிற காயாம்பூ இதுதான். முள் கிடையாது. தடித்த இலை, கிளையை ஒட்டியே நீல ஊதாப் பூ, பிறகு சின்ன உருண்டைக் காய், மஞ்சளும் சிவப்புமாக மாறிக் கடைசியில் கருப்பில் முடியும். வளர்த்தி ரொம்ப நிதானம், ஆனால் ஒரு தடவை நின்றுவிட்டால் தலைமுறைக்கும் நிற்கும். சாதாரண நர்சரியில் கிடைக்காது, நாட்டு மரக்கன்று வளர்க்கிறவர்களிடம் கேளுங்கள். வீட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடம் இருந்தால் அங்கே ஒரு கரும்பூலா வைக்கலாம், ஓடைக்கரையில் தானாக வளர்வது. வளைந்து தொங்கும் குச்சியில் வரிசையாக மை நிறப் பழம். நீங்கள் பார்த்த படத்துக்கு நம் ஊரில் மிக நெருங்கி வருவது இதுதான், பழம் மட்டும் அவ்வளவு பளீரென்று இருக்காது.

இரண்டு செடிகளை மட்டும் யார் சொன்னாலும் வாங்காதீர்கள். ஒன்று உண்ணிச்செடி. பழம் என்னவோ பளபளவென்று கருநீலமாகத்தான் இருக்கும். ஆனால் இலை ஆடு மாட்டுக்கு விஷம், பழுக்காத காய் குழந்தைகளுக்கும் ஆகாது. இதுவும் அழகுக்காகத்தான் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. பழத்தைத் தின்ற பறவைகள் விதையைப் பரப்பி, இன்று சத்தியமங்கலம் காட்டுக்குள் போனால் புல் முளைக்க இடமில்லாமல் இதுதான் மண்டிக் கிடக்கிறது. இன்னொன்று துரந்தா. பூ ஊதாவாக இருப்பதால் காயும் ஊதா என்று நினைத்து வாங்கிவிடுவார்கள், காய் மஞ்சள்தான், அதுவும் விஷம். 4 வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் அது தேவையே இல்லை. களா அரளிக் குடும்பத்துச் செடி என்று யாராவது பயமுறுத்தினால் கலங்காதீர்கள், குடும்பம் அதுதான், ஆனால் பழம் நாம் காலம் காலமாகச் சாப்பிடுவது. பேக்கரி கேக்கின் மேல் செர்ரி என்று வைக்கிறார்களே, அதில் பலதும் சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயம் ஏறிய களாக்காய்தான் என்றால் உங்கள் பெண் நம்பவே மாட்டாள். பறிக்கும்போது காம்பில் பால் வடிந்து கையில் பிசுபிசுவென்று ஒட்டும், அதற்கு முன்பே விரலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

கடைசியாக வீட்டுக்காரர் சொல்வது. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஊதாப் பழம் தின்ற பறவையின் எச்சம் பெயின்டில் காய்ந்தால் எளிதில் போகாது. ஆனால் எச்சம் விழுவது பறவை உட்காரும் இடத்துக்கு நேர் கீழே. களாவை 5 அடிக்கு மேல் விடாமல் வைத்துக்கொண்டு, காருக்கு மேலே கிளையோ ஒயரோ போகாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கார் நிற்கும் 15 அடியில் மட்டும் காய்க்காத செடி எதையாவது வைத்து, களாவை மீதி 25 அடியில் வைத்தாலும் சரிதான், 8 செடி போதும். கரும்பூலாவையும் கறிவேப்பிலையையும் கார் பக்கமே கொண்டுவராதீர்கள், குருவி அதிகம் வருவது அவற்றுக்குத்தான்.