வயலை ஈடு வைத்து வெளிநாட்டுப் படிப்பா?

வணக்கம் அக்கா,

நான் புதுக்குடியிருப்பைச் சேர்ந்தவள். கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடத்தில் படித்து முடித்தேன். இறுதி வருட ஆய்வு, நந்திக்கடல் ஓரத்து வயல் மண்ணின் உவர்த்தன்மை பற்றியது. இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் தற்காலிக வேலை. வெளிநாட்டில் மேலே படிக்க ஆசை. ஒரு முகவர், லண்டனில் ஒரு வருட மாஸ்டர்ஸுக்கு இடம் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். அப்பா வயலை ஈடு வைக்கத் தயாராகிவிட்டார். புலமைப்பரிசில் எல்லாம் கொழும்புப் பிள்ளைகளுக்குத்தான் என்கிறார்கள். நான் எங்கே தொடங்குவது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

முதல் வேலையாக, காணி உறுதியைத் திரும்ப அலுமாரியில் வைக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வருட மாஸ்டர்ஸில் முழுக் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். முகவருக்குக் கமிஷன் கொடுப்பது பெரும்பாலும் அந்தப் பல்கலைக்கழகமேதான். அதுவும் பணம் கட்டிச் சேரும் மாணவரைக் கொண்டுவந்தால்தான் அவருக்குக் கிடைக்கும். சம்பளத்தோடு படிக்கும் வழியை அவர் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

அப்படி ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் விஞ்ஞானத் துறைகளில் பிஎச்டி செய்பவர்களில் பெரும்பாலானோர் கட்டணம் கட்டுவதில்லை. இளநிலை மாணவர்களுக்கு ஆய்வுகூட வகுப்பு எடுப்பார்கள், இல்லாவிட்டால் பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் வேலை செய்வார்கள். அதற்காகக் கட்டணம் தள்ளுபடியாகும், மாதாமாதம் செலவுக்கும் பணம் வரும். நான்கு வருடப் பட்டத்தோடு, மாஸ்டர்ஸ் இல்லாமலே பல இடங்களில் நேராக பிஎச்டிக்கு விண்ணப்பிக்கலாம். கனடாவில் ஆய்வு வழி மாஸ்டர்ஸுக்கும் பல துறைகளில் இப்படிப் பணம் கிடைக்கும். அது நீங்கள் செய்யும் வேலைக்கான கூலி. கேட்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம்.

கொழும்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும், இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருப்பதும் உதவுகிறது, உண்மைதான். ஆனால் நந்திக்கடல் மண்ணைக் கையில் எடுத்து அளந்தவர் நீங்கள். உவர் மண், வியட்நாமின் மீகொங் கழிமுகத்திலும் வங்காளதேசக் கரையோரத்திலும் கலிபோர்னியாவிலும் விவசாயிகளை வாட்டும் பிரச்சினை. கலிபோர்னியாவின் ரிவர்சைடில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் உவர் மண்ணுக்கென்றே ஓர் ஆய்வகம் அமைத்து, 1954இல் அதற்கொரு கைநூலும் வெளியிட்டது. இந்தத் துறைப் பேராசிரியர்களைத் தேடுங்கள். ஒருவருடைய இரண்டு கட்டுரைகளையாவது வாசித்த பிறகு அவருக்கு எழுதுங்கள். என்ன அளந்தீர்கள், எப்படி அளந்தீர்கள், என்ன தெரிந்தது, அவருடைய வேலையோடு அது எங்கே தொடுகிறது, அடுத்த வருடம் நிதியோடு மாணவர் எடுக்கிறாரா. இவ்வளவு போதும், ஒரு பக்கத்துக்குள். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் ஒருவரும் வாசிக்க மாட்டார்.

2009 இறுதிப் போரைப் பற்றி எழுதவேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வன்னிப் பிள்ளைகள் பலருக்கு அந்தக் கேள்வி இருக்கிறது. உங்கள் ஆய்வோடு அது சேர்ந்து வந்தால் எழுதுங்கள். இடம் கிடைப்பதற்காக உங்கள் காயத்தை முன்பின் தெரியாதவர்களுக்குத் திறந்து காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

அப்புறம் புலமைப்பரிசில்கள். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ் மாஸ்டர்ஸில் புலமைப்பரிசில் கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ தருவார்கள். பெரும்பாலான திட்டங்களுக்கு ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிரித்தானியாவின் செவனிங்குக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், படித்த பிறகு இலங்கைக்குத் திரும்பி 2 வருடம் இருக்கவும் வேண்டும். அதனால் இப்போதைய வேலைக்கு ஒழுங்காகச் சேவைக் கடிதம் வாங்கி வையுங்கள். ஜேர்மனியில் அரச பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கட்டணம் இல்லை என்பார்கள், சரி. ஆனால் விசாவுக்கு வங்கியில் ஏறக்குறைய 12,000 யூரோ காட்டவேண்டும். புலமைப்பரிசில் இல்லாமல் போனால் மறுபடியும் வயலில்தான் வந்து நிற்கும்.

அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் மூடும். பரிந்துரைக் கடிதம் தரும் விரிவுரையாளர்களிடம் இப்போதே பேசுங்கள். கடைசி வாரத்தில் போய் நின்றால் ஏனோதானோ என்றுதான் எழுதித் தருவார்கள். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்று துறைக்கு எழுதிக் கேளுங்கள், பல இடங்களில் செய்வார்கள். ஆங்கில மூலம் படித்ததற்கான சான்றிதழைப் பீடத்தில் வாங்குங்கள், சில பல்கலைக்கழகங்கள் ஐஇஎல்டிஎஸ்ஸுக்குப் பதிலாக அதை ஏற்கின்றன. நிதியோடு இடம் கிடைத்து, உடனே பதில் சொல் என்று யாராவது நெருக்கினால் பயப்படாதீர்கள். அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை யோசிக்க நேரம் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றன.

பேராசிரியருக்கு எழுதும் முதல் கடிதத்தை அனுப்பும் முன் எனக்கு அனுப்புங்கள். வாசித்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா