வாசகர் கேள்வி – பதில்: அணைக்கரையில் ஆட்காட்டி முட்டை

கேள்வி: நியூசிலாந்தில் கரைப்பறவைகளைக் காப்பாற்ற வேறு விலங்குகளைப் பொறி வைத்துக் கொல்கிறார்களாம். எங்கள் கிருஷ்ணகிரி அணைக்கரையிலும் ஆட்காட்டியின் முட்டைகளை நாயும் கீரியும் தின்றுவிடுகின்றன. இங்கும் அப்படிச் செய்யலாமா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: நியூசிலாந்தின் நிலை வேறு. மனிதர் குடியேறும்வரை அங்கே வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இல்லாததால், நாலுகால் வேட்டை விலங்குக்குத் தப்பும் பழக்கம் அங்குள்ள பறவைகளுக்கு வாய்க்கவில்லை. கொண்டுவந்த முயல்கள் பெருகி மேய்ச்சல் நிலத்தை அழித்ததும், அவற்றை அடக்க 1880களில் கீரியைப் போல் ஒல்லியான ஸ்டோட் என்னும் விலங்கை இறக்கினார்கள். அதுவோ முயலோடு நிற்காமல் முட்டை, குஞ்சு, தாய்ப்பறவை என எல்லாவற்றையும் பிடித்தது. நம் ஏரிகளில் நிற்கும் நெடுங்கால் உள்ளானின் உறவான கருப்பு நெடுங்கால் உள்ளான், 1981இல் வளர்ந்த பறவைகள் 23 மட்டுமே என்னும் நிலைக்கு வந்தது. முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளை வளர்த்துவிட்டதோடு, ஆற்றுப்படுகைகளில் பொறியும் வைத்ததால்தான் அந்த இனம் பிழைத்திருக்கிறது.

எல்லா இடத்திலும் கொன்றுதான் தீரவேண்டும் என்பதில்லை. ஸ்காட்லாந்தின் தெற்கு யூயிஸ்ட் தீவில் 1974இல் தோட்டத்து நத்தைகளைத் தின்ன விடப்பட்ட முள்ளெலிகள் கரைப்பறவைகளின் முட்டைகளுக்குப் பழகிவிட்டன; 2003இல் தொடங்கிய கொலைக்கு எதிர்ப்புக் கிளம்பவே, பின்னர் அவற்றை உயிரோடு பிடித்துப் பெருநிலத்தில் விட்டார்கள். பெருநிலம் அவற்றின் தாயகம் என்பதால் அது முடிந்தது.

உங்கள் கரையில் கீரி வந்தேறி அன்று. அதைக் கொல்வது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. கூழாங்கல்லுக்கும் ஆட்டுப் புழுக்கைக்கும் நடுவே, மண்நிறத்தில் கரும்புள்ளி தெளித்த நான்கு முட்டைகளை வெறுந்தரையில் இட்டு மறைக்கத் தெரிந்த ஆட்காட்டி, கீரியோடு காலங்காலமாக வாழ்ந்துவருகிறது. அது அருகிவரும் இனமும் அன்று. மனிதனோடு வந்தது நாய்தான். அதையும் அடித்துக் கொல்லச் சட்டம் இடம் தராது. கருத்தடையே வழி என்றாலும், கருத்தடை செய்த நாயும் முட்டையைத் தின்னும். ஆகவே நாய் அங்கே தங்குவதற்கான காரணத்தைத்தான் நீக்கவேண்டும். மீன் வறுவல் கடைகளின் செதிலும் குடலும் கரையில் விழும்வரை நாயும் காகமும் அவ்விடத்தை விட்டு நகரா. கழிவை மூடிய குழியில் போடச் சொல்லி ஊராட்சியில் மனுக் கொடுங்கள். நீர் வற்றிக் கரை விரியும் கோடையில், முட்டை பொரியும் நான்கு வார காலமாவது அது தவறாமல் நடக்கட்டும். படமெடுக்க முட்டையருகே போகாதீர்கள். பறவை எழுந்து கத்தினால் காகம் கவனித்துவிடும்.