பத்து நூல்களின் பட்டியல் இங்கே கிடைக்காது

கேள்வி: கோடை விடுமுறைக்கு நாற்பது நாள் இருக்கிறது. நானும் எட்டாம் வகுப்பு முடித்திருக்கும் என் மகனும் படிப்பதற்குத் தலைசிறந்த நூல்கள் பத்தினை நீங்களே தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். நேரம் வீணாகக் கூடாது. அறிவை வளர்ப்பவையாக இருக்க வேண்டும். கதைப் புத்தகங்கள் வேண்டாம்.

பதில்: பட்டியல் போடுவது எங்களுக்கு அரை மணி நேர வேலைதான். ஆனால் உங்களையும் உங்கள் மகனையும் அறியாமல் அதைச் செய்வது நாடி பார்க்காமல் மருந்து எழுதுவதாகும் என்பதால், அதைச் செய்யப் போவதில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு பக்கத்தைப் படிக்க இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 30 பக்கம் வரும். 40 நாளில் பயணம், விருந்தினர் வருகை, காய்ச்சல், ஒன்றும் செய்யத் தோன்றாத நாள் என்று பத்து நாளாவது கழிந்துவிடும். மீதி 30 நாளும் தவறாமல் தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் 900 பக்கம்தான் ஆகும். அதாவது 300 பக்க நூல்கள் மூன்று. பத்து நூல்களை வாங்கி அடுக்கினால் மற்ற ஏழும் பள்ளி திறக்கிற வரை தூசி வாங்கிக்கொண்டிருக்கும். இதைச் சொல்வதற்கு எனக்குத் தகுதி உண்டு. 800 பக்க வரலாற்று நூல் ஒன்றின் 61ஆம் பக்கத்தில் அடையாளத்துக்கு நான் செருகி வைத்த பேருந்துச் சீட்டு மூன்று கோடைகளாக அதே பக்கத்தில் கிடக்கிறது. அதிலிருந்த அச்செழுத்துகள் மங்கி, அது இப்போது வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது.

நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931இல் வெளியிட்ட எஸ். ஆர். ரங்கநாதன், அவற்றில் ஒன்றாக ‘வாசகரின் நேரத்தைச் சேமி’ என்பதையும் வைத்தார். உங்கள் கவலையும் அதுதான். ஆனால் அதற்கு முன்பாகவே ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்’ என்றும், ‘ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்’ என்றும் இரண்டு விதிகளை அவர் சொல்லியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். நேரத்தை வீணாக்குவது பெரும்பாலும் மோசமான நூலன்று. ஆள் மாறி வந்து சேர்ந்த நல்ல நூல். ‘தலைசிறந்த’ என்ற சொல்லை உங்கள் கேள்வியிலிருந்து எடுத்துவிட்டு, ‘எங்களுக்கு ஏற்ற’ என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்படி எழுதியவுடன் தேர்வு செய்கிற வேலை எங்களிடமிருந்து உங்களிடம் வந்துவிடுகிறது.

அந்த வேலைக்கு நூலகமோ கடையோ, நூலைக் கையில் எடுத்துப் புரட்ட முடிகிற ஓர் இடம் வேண்டும். பின்னட்டையில் இருப்பது விளம்பரம். அதை விட்டுவிட்டு, தலைப்புப் பக்கத்தின் மறுபுறத்தைத் திருப்புங்கள். பெரும்பாலோர் பார்க்காமல் தாண்டுகிற அந்தப் பக்கத்தில்தான் முதற்பதிப்பு எந்த ஆண்டு, கையிலிருப்பது திருத்திய பதிப்பா வெறும் மறுஅச்சா, மொழிபெயர்ப்பு என்றால் எந்த மொழியிலிருந்து என்ற விவரங்கள் இருக்கும். இவை சில்லறை விவரங்கள் அல்ல. புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து பன்னாட்டு வானியல் ஒன்றியம் நீக்கியது 2006 ஆகஸ்டில். அதற்கு முன் எழுதப்பட்ட ஒரு வானியல் நூலைத் திருத்தாமல் நேற்று மறுஅச்சிட்டிருந்தாலும், அதில் ஒன்பது கோள்களே இருக்கும். அறிவு வளர வேண்டும் என்று கேட்கிற நீங்கள் பார்க்க வேண்டிய முதல் பக்கம் இது. அதே போல, ‘சுருக்கம்’, ‘தழுவல்’ என்ற சொற்கள் எங்காவது சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். 1726இல் வெளியான கல்லிவரின் பயணங்கள் நான்கு பாகங்கள் கொண்ட கடுமையான அங்கத நூல். சிறுவர் பதிப்புகள் பலவற்றில் குள்ளர் நாடும் அரக்கர் நாடும் மட்டுமே மிஞ்சியிருக்கும். சுருக்கத்தைப் படிப்பதில் தவறில்லை, ஆனால் அதைப் படித்துவிட்டு மூலத்தைப் படித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து, நடுவில் எங்காவது பிரித்து இரண்டு பக்கம் படியுங்கள். முதற்பக்கத்தை எந்த எழுத்தாளரும் பலமுறை மெருகேற்றியிருப்பார். 140ஆம் பக்கத்தில்தான் அவருடைய அன்றாட நடை தெரியும். சிறு பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் சொல்லித் தரும் ஒரு வழி உண்டு: பொருள் தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும், பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்த நூலை இப்போதைக்கு வைத்துவிடலாம். பெரியவர்களும் யாரும் பார்க்காதபோது மடக்கிப் பார்க்கலாம்.

கதை வேண்டாம் என்ற நிபந்தனைக்கு வருவோம். அது உங்கள் நிபந்தனையா, மகனின் நிபந்தனையா? உங்களுக்குக் கதை பிடிக்காது என்றால் உங்கள் பங்கிலிருந்து அதை நீக்கிக்கொள்ளுங்கள். அவன் பங்கில் கை வைக்காதீர்கள். ஆண்டு முழுவதும் பிறர் தேர்ந்தெடுத்த பாடநூல்களை, பிறர் குறித்த தேதிக்குள் படித்து, பிறர் கேட்ட கேள்விக்கு விடை எழுதிய பையனுக்கு, விடுமுறையிலும் நீங்களும் நாங்களுமாகச் சேர்ந்து இன்னொரு பாடத்திட்டம் தயாரிக்க வேண்டுமா? துப்பறியும் கதையோ, படக்கதையோ, ஏற்கெனவே நான்கு முறை படித்த நூலையே ஐந்தாம் முறையோ, அவன் எடுப்பதை எடுக்கட்டும். படித்து முடித்ததும் சுருக்கம் எழுதிக் காட்டச் சொல்லாதீர்கள். அவன் எடுத்த நூலை அவனுக்குப் பிறகு நீங்கள் வாங்கிப் படித்தால் அதைப் பற்றி அவனே பேசுவான்.

ஐம்பது பக்கம் படித்தும் மனம் ஒட்டவில்லை என்றால், தயங்காமல் மூடிவிட்டு அடுத்ததை எடுங்கள். 900 பக்கம் மட்டுமே கையிலிருக்கும்போது பிடிவாதத்துக்கு அதில் இடம் கிடையாது.

இவ்வளவுக்குப் பிறகும் பட்டியல்தான் வேண்டும் என்றால் மீண்டும் எழுதுங்கள். உங்கள் மகன் தானாக எடுத்து, கடைசிப் பக்கம் வரை படித்த நூல் கடைசியாக எது என்பதை மட்டும் அந்தக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். இந்தக் கடிதத்தில் அது இல்லை.