சூடான் வரும் தம்பிக்கு: சட்டத்தைவிட வழக்கம் பெரிது

போர்ட் சூடானில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன் வேலை கிடைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சூடான் கடுமையான ஷரியா நாடு என்கிறார்கள். நான் இந்து, சைவம் வேறு. அங்கே எப்படி நடந்துகொள்வது? மனைவியையும் கூட்டி வரலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இப்போதைக்குக் கூட்டி வராதீர்கள். 2023 ஏப்ரல் 15 அன்று தலைநகர் கார்ட்டூமில் ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப் என்ற துணைப்படைக்கும் சண்டை தொடங்கியபோது இந்த ஊர்தான் எல்லோருக்கும் அடைக்கலம். 'ஆபரேஷன் காவேரி' என்று பெயர் வைத்து நம்மவர்களைக் கப்பலில் ஜெட்டாவுக்கு ஏற்றி அனுப்பியதும் இங்கிருந்துதான். ஆனால் 2025 மே மாதம் இங்கேயே ட்ரோன்கள் வந்து எண்ணெய்க் கிடங்குகள் எரிந்தன. தண்ணீரும் தட்டுப்பாடு. ஊருக்குத் தண்ணீர் தந்த அர்பாத் அணை 2024 ஆகஸ்டு மழையில் உடைந்துபோனது. தனியாக வந்து நிலைமையைப் பாருங்கள், மற்றதை அப்புறம் யோசிக்கலாம்.

இனி ஷரியா. 1983 செப்டம்பரில் அப்போதைய அதிபர் நிமெய்ரி கொண்டுவந்தது. பிறகு வந்த பஷீர் ஆட்சியில் பெண்கள் பேன்ட் போட்டதற்கே போலீஸ் பிடித்த காலமும் உண்டு. 2019 ஏப்ரலில் பஷீர் கவிழ்ந்தார், அதே ஆண்டு நவம்பரில் அந்தப் 'பொது ஒழுங்கு'ச் சட்டம் போயிற்று. 2020இல் இஸ்லாத்தைவிட்டு மதம் மாறுபவருக்கு மரண தண்டனை என்ற பிரிவை எடுத்தார்கள், பெண் உறுப்புச் சிதைப்பைக் குற்றமாக்கினார்கள், முஸ்லிம் அல்லாதவர் மது அருந்தலாம் என்றார்கள். அடுத்த ஆண்டே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அப்புறம் போர். ஆகவே காகிதத்தில் என்ன இருக்கிறது என்பதை நம்பி யாரும் நடப்பதில்லை. நீங்களும் குடிக்காதீர்கள். செக்போஸ்ட் பக்கம் போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். இவ்வளவுதான் சட்டம் பற்றி நான் சொல்லக்கூடியது.

இந்த மனிதர்களை நடத்துவது சட்டப் புத்தகம் அல்ல, தம்பி. போருக்கு முன் பல வருடம் நான் கார்ட்டூமுக்கு எதிர்க்கரையில் உள்ள ஓம்துர்மானில் இருந்தேன். அங்கே ஹமத் அல்-நீல் என்ற பெரியவரின் அடக்கத்தலத்தில் வெள்ளிக்கிழமை மாலை இறைவன் பெயரைச் சொல்லித் துதிக்கும் திக்ர் நடக்கும். பச்சையும் சிவப்புமாக ஒட்டுத் துணி அங்கி போட்ட தர்வேஷ்கள், அதாவது சூஃபி அடியார்கள், மேளத்தோடு வட்டமாகச் சுற்றுவார்கள், சாம்பிராணிப் புகை மண்டும், சூரியன் இறங்கியதும் தொழுகைக்குக் கலைவார்கள். காதிரியா தரீக்கா என்ற சூஃபி வழி. நாகூர் ஆண்டகையின் வழியும் அதுதான் என்பதால் நம் ஊர்க்காரனுக்கு அது அந்நியமாகவே தெரியாது. நான் நெற்றியில் திருநீறோடு போய் ஓரமாக நின்றிருக்கிறேன். ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை, டீதான் வந்தது. இதெல்லாம் மார்க்கத்தில் இல்லாதது என்று சண்டைக்கு வரும் கூட்டமும் அங்கே உண்டு. அந்தப் பேச்சு வந்தால் நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், அது அவர்கள் வீட்டுச் சண்டை.

வேலையிடத்தில் நீங்கள் முதலில் பார்ப்பது காலைச் சாப்பாடு. பத்து, பதினொரு மணிக்கு ஒரே தட்டைச் சுற்றி டாக்டரும் டிரைவரும் கூட்டுகிறவரும் உட்காருவார்கள். கூப்பிட்டால் பசி இல்லை என்று சொல்லாமல் வலது கையால் இரண்டு வாயாவது எடுங்கள். தனி டிபன் பாக்ஸைத் திறந்து மூலையில் சாப்பிடும் ஆளை அவர்களுக்குப் புரியாது. வணக்கம் சொல்வதும் நீளம். உடம்பு எப்படி, வீடு எப்படி, அப்பா எப்படி என்று போகும், அவசரப்படுத்தாதீர்கள்.

அதைவிட முக்கியம் சாவு வீடு. உடன் வேலை செய்பவரின் சித்தப்பா இறந்தாலும் டிபார்ட்மென்டே கிளம்பிப் போகும். உள்ளே போனதும் இரண்டு உள்ளங்கையையும் ஏந்தி, குர்ஆனின் முதல் அத்தியாயமான பாத்திஹா ஓதுவார்கள். நீங்களும் கையை ஏந்தி மௌனமாக நில்லுங்கள், அது போதும். மொய் எழுதும் வழக்கமும் உண்டு. கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னிப்பார்கள், துக்கத்துக்குப் போகாவிட்டால் மறக்க மாட்டார்கள்.

கல்யாணம் என்றால் ஜிர்திக் என்ற சடங்கு பார்க்கக் கிடைத்தால் பாருங்கள். சிவப்பும் தங்கமுமாக ஜோடியை உட்காரவைத்து, மணிக்கட்டில் சிவப்புப் பட்டு நூல் கட்டி, சந்தனமும் வாசனைத் தைலமும் பூசி, கடைசியில் மாப்பிள்ளையும் பெண்ணும் பாலை வாயில் எடுத்து ஒருவர்மேல் ஒருவர் துப்புவார்கள். கிழவிகள் பாடுவார்கள். இஸ்லாத்துக்கு முந்தைய சடங்கு என்று அவர்களே சொல்வார்கள், ஆனாலும் விடமாட்டார்கள். அந்த வாசனைகளுக்கு உயிர் இந்தியச் சந்தனக்கட்டைதான். போர் இதை வேடிக்கையாகப் பாதித்திருக்கிறது. நிக்காஹ் ஒப்பந்தத்தை இருதரப்புப் பெரியவர்களும் பள்ளிவாசலில் முடித்துவிடலாம், பெண் கெய்ரோவில் இருந்தாலும் நடக்கும். ஜிர்திக்குக்கு இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்தாக வேண்டுமே! அதனால் மார்க்கப்படி கல்யாணமாகி, ஜிர்திக்குக்காகக் காத்திருக்கும் ஜோடிகள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

ஆனால் இந்த வழக்கங்கள் எதுவும் அப்படியே இல்லை. ஒரு பெரிய வேலை என்றால் அக்கம்பக்கமே திரண்டு கைகொடுப்பது இங்கே பழைய வழக்கம், நஃபீர் என்பார்கள். ஷெய்குமார் வீட்டு வாசலில் வழிப்போக்கருக்குச் சோறு போடும் தக்கியாவும் பழையது. போரில் அரசாங்கம் காணாமல் போனதும், 2019இல் பஷீருக்கு எதிராகத் தெருவில் நின்று கோஷம் போட்ட பிள்ளைகள் இந்த இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு 'அவசர உதவி அறைகள்' நடத்தினார்கள். தெருவுக்குத் தெரு அண்டா. தக்கியா என்ற பழைய பெயரிலேயே பருப்பும் சோறும். 2025இல் 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் 'ரைட் லைவ்லிஹுட்' விருது அவர்களுக்குப் போனது. ஆண்கள் மட்டுமே கூடிய இடத்தில் இப்போது பெண்பிள்ளைகள் கரண்டி பிடித்துக் கணக்கும் எழுதுகிறார்கள். பெரியவர்கள் முணுமுணுப்பார்கள், தட்டையும் நீட்டுவார்கள்.

போர்ட் சூடானில் ஒன்று கூடுதலாகக் கவனியுங்கள். இந்த மண்ணின் மக்கள் பேஜாக்கள். அரபி பேசினாலும் வீட்டில் வேறு மொழி. கார்ட்டூமிலிருந்து வந்தவர்கள் கலகலப்பானவர்கள், பேஜாக்கள் அளந்து பேசுவார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி விசாரிக்காதீர்கள். காப்பிக்குக் கூப்பிட்டால் நேரம் ஒதுக்கிப் போங்கள். கண்ணெதிரே கொட்டையை வறுத்து, இஞ்சி சேர்த்து இடித்து, ஜபனா என்ற மண்கூஜாவில் கொதிக்கவைத்து, மூக்கில் நார் செருகி வடித்து, சின்னக் கோப்பையில் சர்க்கரையைக் கொட்டி ஊற்றுவார்கள். முதல் கோப்பையோடு எழுந்தால் அது அவமரியாதை. வீட்டு வாடகையோ ஓவர்டைம் தகராறோ, மூன்றாவது கோப்பைக்கு முன் ஆரம்பிக்காதீர்கள்.

சைவம் சமாளிக்கலாம். காலையில் ஃபூல், அதாவது வேகவைத்து மசித்த மொச்சை மாதிரியான பயறு, மேலே நல்லெண்ணெய். ஆமாம், நம் நல்லெண்ணெய்தான். சோள மாவைப் புளிக்கவைத்துத் தோசை போல மெல்லிசாக ஊற்றும் கிஸ்ராவும் உங்களுக்குப் பிடிக்கும். அதற்கு ஊற்றும் முல்லா என்ற குழம்பில்தான் எச்சரிக்கை வேண்டும். பார்த்தால் வெண்டைக்காய்க் குழம்பாகத் தெரியும், ஆனால் உலர்த்திப் பொடித்த இறைச்சியைக் கலந்திருப்பார்கள். அதைச் சாப்பிட மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கோபிக்க மாட்டார்கள், தினமும் ஃபூல் தட்டை உங்கள் பக்கம் தள்ளுவார்கள். புளியும் சாம்பார்பொடியும் பெட்டியில் வையுங்கள், இங்கே பருப்பு கிடைக்கும்.